பணிக்குறிப்பேடு எழுத எந்த முறை உங்களுக்குப் பொருந்தும்?

மூன்று வருடம் விடாமல் எழுதிய நோட்டுகளை ஒரு விடுமுறையில் மொத்தமாக எடுத்து வைத்துப் படித்தேன். நான் ஆசிரியர். வகுப்பு முடிந்ததும் அரைப் பக்கமாவது எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன். படித்துக்கொண்டே போகையில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: "கடைசிப் பத்து நிமிடம் அவசரமாகப் போய்விட்டது." பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். முதல் வருடத்தில் 14 இடம், இரண்டாவதில் 16, மூன்றாவதில் 15. ஒவ்வொரு முறையும் மனப்பூர்வமாகத்தான் எழுதியிருக்கிறேன். சில நாள் வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் மூன்று வருடமும் அப்படியே இருந்திருக்கிறது.

எழுதினாலே போதும், வேலை தானாகத் திருந்திவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த விடுமுறைக்குப் பிறகுதான் வேறு வழிகளைத் தேட ஆரம்பித்தேன். பல முறைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சில மாதங்கள் எழுதிப் பார்த்தேன். பிறகு பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு வந்தபோது அவர்கள் எழுதுவதையும் கூடவே இருந்து கவனித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோளாறைத்தான் சரிசெய்கிறது என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. வேலையில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் இந்தக் குறிப்பேடு, அதாவது ரிஃப்ளெக்டிவ் ஜர்னல், ஒன்று தொடங்கலாம் என்று நினைத்து, எதை எடுப்பது என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர், செவிலியர், மனநல ஆலோசகர், பொறியாளர், மேலாளர் என்று யாராக இருந்தாலும் இந்தத் தயக்கம் ஒன்றுதான்.

எழுதினால் உண்மையிலேயே பலன் உண்டா?

செய்ததைத் திரும்பிப் பார்ப்பதால்தான் அனுபவம் பாடமாகிறது என்பதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-லேயே விரிவாக எழுதினார். அதைத் தொழில் செய்பவர்களின் அன்றாடத்துக்குக் கொண்டுவந்தவர் டொனால்ட் ஷோன். 1983-ல் வெளியான அவருடைய நூல், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்துத் திருத்திக்கொள்வதையும், முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பதையும் பிரித்துக் காட்டியது. குறிப்பேடு இரண்டாவது வகை. ஆனால் அதை எழுதுவதே முதலாவதற்காகத்தான். நாளைக்கு வகுப்பில் நிற்கும்போதோ நோயாளியின் படுக்கை அருகில் நிற்கும்போதோ, ஒரு நொடி முன்னதாகவே நமக்கு உறைக்க வேண்டும்.

ஆராய்ச்சியில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒன்று, விப்ரோ நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்துச் செய்யப்பட்டது. ஜாடா டி ஸ்டெஃபானோ, ஃப்ரான்செஸ்கா ஜீனோ, கேரி பிசானோ, பிராட்லி ஸ்டாட்ஸ் ஆகியோர் 2014-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சியின் நடுவே ஒரு குழுவினர் நாளின் கடைசி 15 நிமிடத்தில் அன்று கற்றதைப் பற்றி யோசித்து எழுதினார்கள். இன்னொரு குழு அந்த 15 நிமிடமும் வழக்கமான வேலையைத் தொடர்ந்தது. இறுதித் தேர்வில் எழுதிய குழு மற்றதைவிட 22.8 சதவீதம் மேலாகச் செய்தது. கூடுதலாக 15 நிமிடம் வேலை பார்த்ததைவிட 15 நிமிடம் எழுதியதில் லாபம் அதிகம் என்பது எனக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது.

ஆனால் அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி முடிவில் ஒரு தேர்வு இருந்தது. கற்றது சரியா தவறா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நம் வேலையில் பெரும்பாலும் அப்படி யாரும் சொல்வதில்லை. முறைகளை ஒப்பிட நான் பிடித்துக்கொண்ட அளவுகோலும் இதிலிருந்துதான் வந்தது: உங்கள் வேலை உங்களுக்கு எப்போது பதில் சொல்கிறது?

தச்சருக்கு மரம் உடனே பதில் சொல்லிவிடும். மூட்டு பொருந்தவில்லை என்றால் அந்த நிமிடமே தெரியும். ஆசிரியருக்குப் பாதி பதில் அன்றைக்கே மாணவர் முகத்தில் கிடைக்கும், மீதி தேர்வில் கிடைக்கும். ஒருவரை வேலைக்கு எடுத்த மேலாளருக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் தெரியும். செவிலியர் பார்த்துக்கொண்ட நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாமலே போகலாம். பதில் எவ்வளவு தாமதமாகிறதோ, எவ்வளவு மங்கலாக வருகிறதோ, அதைப் பொறுத்து எழுதும் முறையும் மாற வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் குறிப்பேட்டைக் கைவிட்டவர்கள் பலர் சோம்பலால் விட்டவர்கள் இல்லை. தங்கள் வேலைக்குப் பொருந்தாத முறையை எடுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டியவர்கள்.

மனதில் வந்ததை எழுதுவது

பலரும் தொடங்குவது இங்கேதான். சட்டதிட்டம் எதுவும் கிடையாது. நாள் எப்படிப் போனது, யார் என்ன சொன்னார், எது உறுத்தியது என்று எழுதுவது. நானும் மூன்று வருடம் இதைத்தான் செய்தேன்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களைப் பாதித்த கசப்பான அனுபவங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பாரம் மிகுந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. ஒரு மரணத்தைப் பார்த்துவிட்டு ஷிஃப்ட் முடித்து வரும் செவிலியரிடம் போய் "பகுப்பாய்வு எழுதுங்கள்" என்று சொல்வது கொடுமை. அன்றைக்கு அவர் மனதில் வந்ததை எழுதட்டும், அல்லது எழுதாமலே தூங்கட்டும்.

ஆனால் அந்த ஆய்வு காட்டியது உடல்நலத்தில் வந்த மாற்றம். தொழில் திறமை கூடியதாக அது சொல்லவில்லை. மனப்பாரம் குறைவதையும் வேலை மேம்படுவதையும் நான் வெகுநாள் ஒன்றாகவே நினைத்துக் குழப்பிக்கொண்டேன். "கடைசிப் பத்து நிமிடம் அவசரமாகப் போய்விட்டது" என்று எழுதியதும் உறுத்தல் அடங்கிவிடும். உறுத்தல் அடங்கிவிட்டதால் காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே வராது. இந்த முறையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தன்னைப் பற்றி யோசிப்பதில் இரண்டு வகை இருப்பதை டிராப்னெல், கேம்ப்பெல் என்ற இருவர் 1999-ல் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, அறியும் ஆர்வத்தால் வருவது. மற்றொன்று, பயத்தாலும் வருத்தத்தாலும் பட்ட இடத்தையே திரும்பத் திரும்பச் சுற்றுவது. நோட்டைத் திறந்து பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி", "நான் எதற்கும் லாயக்கில்லை" போன்ற வாக்கியங்கள் வாரக்கணக்கில் தொடர்ந்தால் எழுத்து உங்களைக் கீழே இழுக்கிறது என்று அர்த்தம். அப்போது ஈதன் க்ராஸ் குழுவினர் 2014-ல் ஆராய்ந்த ஓர் எளிய வழி உதவும். "நான்" என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைப் போட்டு, வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதுங்கள். தன் பெயரைச் சொல்லித் தன்னிடம் பேசியவர்கள் பதற்றமான சூழலைக் கூடுதல் நிதானத்தோடு கையாண்டார்கள் என்பது அவர்கள் கண்டது. முதலில் கூச்சமாக இருக்கும். நான் மிகவும் நொந்துபோன ஒரு வாரத்தில் இப்படி எழுதினேன். என் மாணவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது வரும் பொறுமை என் மீதும் வந்தது.

அது சரியாகவில்லை, தூக்கமும் கெடுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு மனநல உதவியை நாடுங்கள். அந்த இடத்தில் குறிப்பேட்டால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

கேள்விகளுக்குப் பதில் எழுதுவது

செவிலியர் கல்வியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் பரவலாகச் சொல்லித்தரப்படுவது இதுதான். கிரஹாம் கிப்ஸ் 1988-ல் தந்த சுழற்சியில் ஆறு படிகள் உண்டு: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி, என்ன முடிவுக்கு வருகிறேன், அடுத்த முறை என்ன செய்வேன். இதைவிடச் சுருக்கமானது டெர்ரி போர்ட்டன் 1970-ல் முன்வைத்த மூன்று கேள்விகள்: என்ன? அதனால் என்ன? இனி என்ன? 2001-ல் கேரி ரோல்ஃபும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் இதைச் செவிலியர் பணிக்கு ஏற்ப விரித்தார்கள்.

ஆறா, மூன்றா என்று கேட்டால், வாராவாரம் எழுதுகிறவருக்கு மூன்றைத்தான் சொல்வேன். பயிற்சி ஆசிரியர்கள் முதல் இரண்டு வாரம் ஆறு படிகளையும் ஆர்வத்தோடு எழுதுவார்கள். மூன்றாவது வாரத்தில் அது படிவம் நிரப்புவதாக மாறிவிடும். "என்ன உணர்ந்தேன்" என்ற இடத்தில் "மகிழ்ச்சியாக இருந்தது" என்று ஒரே சொல் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லா வகுப்புக்கும் ஆறு கேள்வி தாங்காது. மாதத்துக்கு ஒருமுறை, நிஜமாகவே மனதைக் கலக்கிய ஒரு நிகழ்வுக்கு ஆறு படியும் எழுதுங்கள், அப்போது அதன் அருமை தெரியும். முக்கியமாக உணர்வைக் கேட்கும் இரண்டாவது படி. கோபத்திலோ அவமானத்திலோ எடுத்த முடிவை நியாயமான முடிவு என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதை அது நிறுத்துகிறது.

மூன்று கேள்வியோ ஆறு கேள்வியோ, பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது நடுவில்தான். ஒரு பயிற்சி ஆசிரியர் எழுதியது இது. என்ன: "பின்வரிசை மாணவர்கள் யாரும் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை." இனி என்ன: "அடுத்த முறை அவர்களை இன்னும் ஊக்கப்படுத்துவேன்." நடுவில் "அதனால் என்ன" என்ற இடத்தில், "மாணவர்களுக்கு ஆர்வம் குறைவு" என்று ஒரு வரி. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: கேள்வி கேட்டதும் எத்தனை நொடி காத்திருந்தீர்கள்? அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வகுப்பில் தன் ஃபோனில் ஒலிப்பதிவு செய்து, வீட்டில் கேட்டு, எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டு நொடிகூட இல்லை. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்து கண்டதும் இதையேதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

"ஆர்வம் குறைவு" என்பது காரணம்போலத் தோன்றும் ஒரு தீர்ப்பு. அதை எழுதிவிட்டால் அதற்குமேல் பார்க்க எதுவும் இருக்காது. "இரண்டு நொடி" என்பது நாளைக்கே மாற்றிப் பார்க்கக்கூடிய ஒன்று. கேள்விச் சட்டகத்தை எடுப்பவர்கள் தங்கள் நடுப்பகுதியை இந்த ஒரு சோதனையில் வைத்துப் பார்த்தால் போதும்: நான் எழுதிய காரணத்தில் நான் செய்த ஏதாவது ஒன்று இருக்கிறதா?

இந்த முறை யாருக்கு? வேலைக்குப் புதியவர்களுக்கு, பதில் ஓரளவு சீக்கிரம் கிடைக்கும் வேலைகளுக்கு. அனுபவம் கூடக் கூட இந்தச் சட்டகம் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்ற ஆரம்பிக்கும். அப்போது அடுத்ததற்கு நகரலாம்.

ஒரே ஒரு நிகழ்வை எழுதுவது

என்னைக் காப்பாற்றியது இது. அதனால் கொஞ்சம் பாரபட்சத்தோடு எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப்படையின் உளவியல் பிரிவில் வேலை பார்த்த ஜான் ஃபிளனகன், விமான ஓட்டிகள் எதில் ஜெயிக்கிறார்கள், எதில் தவறுகிறார்கள் என்பதைக் கருத்துகளாகக் கேட்காமல் குறிப்பிட்ட நிகழ்வுகளாகத் திரட்டும் ஒரு முறையை வளர்த்தார். 1954-ல் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். "அவர் நல்ல தலைவர்" என்று எழுத அதில் இடமில்லை. எந்தச் சூழலில், அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்றுதான் எழுத வேண்டும்.

குறிப்பேட்டில் அது இப்படி மாறுகிறது. வாரத்தில் ஒரே ஒரு நிகழ்வு. ஐந்து நிமிடத்துக்குள் நடந்து முடிந்த ஒன்றாக இருந்தால் நல்லது. கேமரா பார்த்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் முதலில் எழுத வேண்டும். யார் எங்கே நின்றார், என்ன வார்த்தை சொன்னார், நான் என்ன செய்தேன், அடுத்து என்ன நடந்தது. "அலட்சியமாகப் பேசினார்" என்பதற்குப் பதிலாக "கணினியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்". தீர்ப்பு, காரணம், பாடம் எல்லாம் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழேதான்.

ஃபிளனகனின் முறையில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. அவர் சரியாக நடந்த நிகழ்வுகளையும் திரட்டினார். நாமோ தவறியதை மட்டும் எழுதுகிறோம். என் மூன்று வருட நோட்டில் கடைசிப் பத்து நிமிடம் நன்றாகப் போன ஒரு வகுப்புகூட இல்லை. அப்படி ஒரு வகுப்பே நடக்கவில்லையா என்ன? நிறைய நடந்திருக்கும். உறுத்தாததால் எழுதவில்லை, அவ்வளவுதான். புது நோட்டில் முதல் இரண்டு மாதம், நிதானமாக முடிந்த வகுப்புகளை மட்டும் நிகழ்வாக எழுதினேன். ஐந்து நிகழ்வுகள் சேர்ந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஐந்திலும் ஒன்று பொதுவாக இருந்தது. அந்த நாட்களில் மாணவர்கள் செய்யும் பயிற்சியை வகுப்பின் நடுவிலேயே கொடுத்திருந்தேன், அவர்கள் செய்துகொண்டிருக்கும்போது மேசை மேசையாகப் போய் விளக்கியிருந்தேன். மற்ற நாட்களில் விளக்கம் முழுதும் முடிந்த பிறகுதான் பயிற்சி. விளக்கம் எப்போதும் நீண்டுவிடும். மூன்று வருடமாக நான் வேகமாகப் பேசக் கற்றுக்கொள்ள முயன்றிருக்கிறேன். மாற்ற வேண்டியிருந்தது வரிசையை. அடுத்த வருட நோட்டில் அந்தப் பழைய வாக்கியம் 4 இடத்தில்தான் வந்தது.

மனிதர்களோடு நேரடியாகப் பழகும் வேலைகள், அதிலும் பதில் மங்கலாக வரும் வேலைகள் எல்லாவற்றுக்கும் இதையே முதலில் பரிந்துரைப்பேன். செவிலியர், ஆலோசகர், சமூகப் பணியாளர், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர், குழுவை நடத்துபவர். இதன் குறை, ஒற்றை நிகழ்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது. ஐந்தாறு சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்காது.

முடிவுகளை எழுதி வைப்பது

மேலே சொன்ன மூன்றும் நடந்து முடிந்ததைப் பற்றி எழுதுபவை. இது நடப்பதற்கு முன்பே எழுதுவது. ஆள் எடுப்பது, முதலீடு, திட்டமிடல், மென்பொருள் வடிவமைப்பு போன்ற வேலைகளில் பதில் மாதக்கணக்கில் தாமதமாக வரும். வரும்போது நாம் ஆரம்பத்தில் என்ன நினைத்தோம் என்பதே மாறிப்போயிருக்கும். பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் 1975-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972-ல் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் கேட்டு வைத்தார்கள். பயணம் முடிந்த பிறகு, "அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள். நடந்துவிட்டது என்று தெரிந்தவற்றுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்ததாக மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று நாம் சொல்வதில் பொய் சொல்லும் எண்ணம் இல்லை, நினைவே அப்படித் திருத்திக்கொண்டுவிடுகிறது. அதற்கு ஒரே மருந்து, அப்பவே தேதி போட்டு எழுதி வைப்பது.

மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் தானே இதைப் பல வருடம் செய்ததாக 1999-ல் எழுதினார். முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை எழுதி வைத்துவிட்டு, 9 அல்லது 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட வேண்டும் என்பது அவர் வழி.

என்ன எழுத வேண்டும்? முடிவு என்ன, வேறு எந்த வழிகளை ஒதுக்கினேன், ஏன், என்ன எதிர்பார்க்கிறேன், எவ்வளவு உறுதி, எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பேன். உறுதியை "அநேகமாக" என்று எழுதாமல் 70 சதவீதம், 90 சதவீதம் என்று எண்ணாக எழுதுவது முக்கியம். இருபது முடிவுகள் சேர்ந்ததும் 90 என்று போட்டதில் எத்தனை பலித்தது என்று பார்க்கலாம். 90 என்று போட்டதில் பாதிதான் பலித்தது என்றால், உங்கள் 90 என்பது உண்மையில் 50 என்று தெரிந்துவிடும். ஒரு வரியில் அன்றைய மனநிலையையும் எழுதுங்கள். அலுப்பிலும் அவசரத்திலும் எடுத்த முடிவுகள் தனியாகத் தெரியும்.

விளைவு நன்றாக வந்ததால் முடிவு நல்ல முடிவு ஆகிவிடாது, மோசமாக வந்ததால் மோசமான முடிவும் ஆகிவிடாது. அதிர்ஷ்டத்தின் பங்கைப் பிரித்துப் பார்க்க, அன்று எழுதிய காரணங்களைத்தான் படிக்க வேண்டும். வகுப்பறைபோலப் பதில் அன்றைக்கே கிடைக்கும் வேலைக்கு இந்த முறை வீண் சுமை. எனக்கு அது வருடத்துக்கு நான்கைந்து முறைதான் தேவைப்படுகிறது.

தினமும் இரண்டு மூன்று வரி

நேரமே இல்லாதவர்களுக்கு இது. இன்று எது ஒரு அடி முன்னே நகர்ந்தது, எது தடுத்தது, நாளை முதலில் என்ன? அவ்வளவுதான். தெரசா அமபைலும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 238 பேரிடம் தினமும் குறிப்பு எழுதி வாங்கி, ஏறத்தாழ 12,000 குறிப்புகளை ஆராய்ந்தார்கள். அர்த்தமுள்ள வேலையில் சிறு முன்னேற்றமாவது கண்ட நாட்களில்தான் மக்கள் அதிக உற்சாகத்தோடு இருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. அந்த முன்னேற்றத்தைக் கண்ணால் காண வைப்பதுதான் இந்த மூன்று வரியின் வேலை. நீண்ட திட்டங்களில் சிக்கியிருப்பவர்களுக்குத் தெம்பு தரும். ஆழமான புரிதலை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொருவர் படிக்க வேண்டுமா?

எந்த முறையாக இருந்தாலும் தனியாக எழுதுவதில் ஒரு வரம்பு இருக்கிறது. நமக்குத் தெரியாதது நம் எழுத்தில் வராது. காத்திருந்த நொடிகளை அந்தப் பயிற்சி ஆசிரியர் தானாக எண்ணியிருக்க மாட்டார். யாராவது கேட்க வேண்டியிருந்தது. முன்னே சொன்ன விப்ரோ ஆய்விலும் மூன்றாவதாக ஒரு குழு இருந்தது. எழுதியதைச் சக பயிற்சியாளருக்குச் சில நிமிடம் விளக்கியவர்கள் அவர்கள். அவர்களும் எழுதிய குழுவுக்குச் சற்றும் குறையாமல் செய்தார்கள்.

அமெரிக்க ராணுவம் 1970-களிலிருந்து வளர்த்த கூட்டு ஆய்வு முறை நான்கு கேள்விகளில் நடக்கிறது: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன், எதைத் தொடர்வது எதை மாற்றுவது. குழுவாக வேலை செய்பவர்களுக்கு இது தனிக் குறிப்பேட்டைவிட மேல். பிரிட்டனில் செவிலியர்களும் மகப்பேறு செவிலியர்களும் 2016 ஏப்ரலிலிருந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஐந்து சிந்தனைக் குறிப்புகள் எழுத வேண்டும், அவற்றைப் பதிவு பெற்ற இன்னொரு செவிலியரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். எழுதுவதோடு நிறுத்தாமல் பேசுவதையும் சேர்த்தது நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

யாரிடம் காட்டுவது என்பதில் கவனமாக இருங்கள். உங்கள் சம்பள உயர்வையோ மதிப்பெண்ணையோ தீர்மானிப்பவர் வேண்டாம். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த இடத்தில் குறிப்பேட்டை மேலதிகாரி மாதாமாதம் வாங்கிப் படிப்பார். ஒரு மாதம் நான் நேர்மையாக எழுதிய தவறு ஒன்று வருடாந்திர மதிப்பீட்டில் அப்படியே மேற்கோளாக வந்தது. அடுத்த மாதத்திலிருந்து அங்கே யாரும் நிஜத்தை எழுதவில்லை, நான் உட்பட. நோட்டுகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. இப்போது பொறுப்பில் இருக்கும் எவரும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மதிப்பீட்டுக்கு எழுத்து வேண்டும் என்றால் தனியாகக் கேளுங்கள்.

எழுதுபவர்களும் இரண்டு நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று உங்களுக்கே உரியது, மற்றொன்று நிறுவனம் கேட்டால் கொடுப்பதற்கு. மருத்துவம், சட்டம், சமூகப் பணி போன்ற துறைகளில் தனி நோட்டும் விசாரணைக்குக் கேட்கப்படலாம் என்பதை மறக்கக் கூடாது. பிரிட்டனில் ஒரு மருத்துவர் வழக்குக்குப் பிறகு இந்தப் பயம் மருத்துவர்களிடையே பெரிதாக எழுந்தது. 2018 செப்டம்பரில் அங்குள்ள மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. முடிந்தவரை அடையாளங்களை நீக்கி எழுதுங்கள், நிகழ்வின் முழு விவரத்தைவிடக் கற்றதில் கவனம் வையுங்கள் என்பது அதன் சாரம். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. தேதி, படுக்கை எண், அரிய நோயின் பெயர், இவற்றில் ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தவறு நடந்தால் முறைப்படி புகாரளிக்கும் கடமை தனி. குறிப்பேட்டில் எழுதிவிட்டோம் என்பதற்காக அது தீர்ந்துவிடாது.

காகிதமா, கணினியா?

இதில் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. முடிவுக் குறிப்புக்குக் கணினி வசதி, தேதி வந்ததும் நினைவூட்டும், தேடினால் கிடைக்கும். நிகழ்வுக் குறிப்புக்கும் மனப்பாரத்துக்கும் நான் காகிதத்தைத்தான் நம்புகிறேன், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நிம்மதியில் கை தயங்காது. குரல் பதிவு செய்வது சுலபம். ஆனால் திரும்பக் கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. பதிவு செய்தால் வாரக் கடைசியில் அதிலிருந்து ஒரு நிகழ்வையாவது எழுத்தாக்கிவிடுங்கள்.

அப்படியென்றால் எதை எடுப்பது?

வேலைக்குப் புதியவர் என்றால் மூன்று கேள்விகள், வாரம் ஒருமுறை, மூன்று மாதம். மனிதர்களோடு பல வருடம் பழகிய வேலை, ஆனால் ஏதோ ஒன்று மட்டும் திருந்தவே மாட்டேன் என்கிறது என்றால் நிகழ்வுக் குறிப்பு, சரியாக நடந்ததையும் சேர்த்து. வேலையின் பலன் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது என்றால் முடிவுக் குறிப்பு, வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மனம் கனத்திருக்கும் காலம் என்றால் முறை எதுவும் இல்லாமல் எழுதுங்கள், அதை நான்கைந்து நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை முழுக்கக் குழுவாகவே நடக்கிறது என்றால் தனி நோட்டுக்கு முன் அந்த நான்கு கேள்விகளைக் குழுவில் கேட்டுப் பாருங்கள். இரண்டு முறைகளை ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். இரண்டும் நின்றுபோவதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

எதை எடுத்தாலும் திரும்பப் படிக்கும் நாளை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். என் மூன்று வருட நோட்டில் இல்லாமல் போனது அந்த நாள்தான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை படித்திருந்தால் அந்த வாக்கியம் மூன்றாவது தடவை வரும்போதே தெரிந்திருக்கும், 45 தடவை வரை போயிருக்காது.

இப்போது நான் எழுதுவது இடது பக்கத்தில் மட்டும். வலது பக்கம் காலியாக இருக்கும். நான்கு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, வேறு நிறப் பேனாவில் அந்தக் காலிப் பக்கத்தில் எழுதுகிறேன்: இது முன்பும் வந்திருக்கிறதா, எங்கே, அப்போது என்ன மாற்றினேன். புது நோட்டு வாங்கினால் முதல் பக்கத்தில் பெயர் எழுதுவதற்கு முன், அந்தச் சனிக்கிழமையின் தேதியை எழுதுகிறேன்.